விழிப்புலனிழந்தோரின் உறக்கமும் உளநலமும்

முற்றாகப் பார்வையிழந்த ஒருவர், "இரவில் உறக்கம் வருவதில்லை, பகலிற் கண்ணயர்வு நீங்குவதில்லை" என்று சொன்னால், கேட்போர் பெரும்பாலும் மூன்று விடைகளுள் ஒன்றைக் கூறுவர். "பகலில் உறங்கினால் இரவில் உறக்கம் எங்கே வரும்?" என்பர் சிலர். "பார்வை போன கவலைதான், மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டும்" என்பர் வேறு சிலர். "கண்ணில்லாதவருக்கு இரவேது, பகலேது?" என்று இரங்குவாரும் உளர். முதல் விடை அவரைச் சோம்பேறியாக்குகின்றது. இரண்டாவது விடை அவரை மனநோயாளியாக்குகின்றது. மூன்றாவது விடையோ இரக்கத்தோடு நின்றுவிடுகின்றது, மேலே ஆராய்வதில்லை. ஆயினும் உண்மை அம் மூன்றாவது விடையின் அருகேதான் இருக்கின்றது. ஒளியை உணரும் ஆற்றலை அடியோடு இழந்தோர் பலருடைய உறக்கக் குறைவுக்குக் காரணம் சோம்பலுமன்று, கவலையுமன்று. உடலினுள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மணிக்கூட்டைச் சூரிய ஒளி வந்து திருத்தாமையே காரணம். இதனை அறிந்தவிடத்துப் பரிகாரம் உண்டு. அறியாதவிடத்து, பரிகாரமுள்ள ஓர் உடற்குறை ஒருவருடைய குணக்குறையாகவும் மனக்குறையாகவும் எண்ணப்பட்டு, ஆண்டுக்கணக்காக அவரை வருத்துகின்றது.

உடலினுள் மணிக்கூடு என்பது வெறும் உவமையன்று. 1729ஆம் ஆண்டில் டி மெய்றான் என்னும் பிரெஞ்சு அறிஞர், பகலில் இலை விரித்து இரவில் இலை கூம்பும் ஒரு செடியை ஒளி புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். தொட்டாற்சுருங்கி இனத்தைச் சேர்ந்தது என்று கருதப்படும் அச்செடி, சூரியனைக் காணாமலே பகல் வேளையில் விரிந்தது. இரவு வேளையிற் கூம்பியது. நேரத்தை அறியும் ஆற்றல் அச்செடியினுள்ளேயே இருந்தது என்பது பெறப்பட்டது. 1938ஆம் ஆண்டில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நதானியேல் கிளைற்மன் என்பார், தம் மாணவர் ஒருவருடன் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகையினுள் 32 நாட்கள் தங்கினார். நாளொன்றுக்கு 24 மணித்தியாலம் என்னும் கணக்கை விட்டு, 28 மணித்தியாலத்தை ஒரு நாளாகக் கொண்டு இருவரும் வாழ்ந்து பார்த்தனர். இளைஞரான மாணவரின் உடல் புதிய ஒழுங்குக்கு இணங்கியது. மூத்தவராகிய கிளைற்மனின் உடல் வெப்பமோ, சூரியனே எட்டாத அக்குகையிருளிலும் பழைய 24 மணித்தியால ஒழுங்கை விட்டு அகலவில்லை.

அம்மணிக்கூடு இருக்கும் இடம் 1972ஆம் ஆண்டிலே தெரியவந்தது. எலிகளைக் கொண்டு அமெரிக்காவில் இரு குழுவினர் தனித்தனியே நடத்திய ஆய்வுகள் ஒரே முடிவைத் தந்தன. இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, நரம்புக் கலங்களின் இரு சிறு திரள்கள் உள்ளன. மனிதரில் அவற்றுள் ஏறத்தாழ 20,000 கலங்கள் அடங்கும். உறக்கமும் விழிப்பும், உடல் வெப்பத்தின் ஏற்றமும் இறக்கமும், ஓமோன்கள் சுரக்கும் வேளைகளும் அத்திரள்களின் ஆணைக்கு உட்பட்டவை. கலங்களினுள் அம்மணிக்கூடு இயங்கும் முறையை ஈக்களில் ஆராய்ந்து விளக்கிய ஹோல், ரொஸ்பாஷ், யங் என்னும் அறிஞர் மூவர்க்கும் 2017ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இம்மணிக்கூட்டில் ஒரு சிறு பிழை உண்டு. அது சரியாக 24 மணித்தியாலத்தில் ஒரு சுற்றை முடிப்பதில்லை. ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் சைஸ்லரும் உடனாய்வாளரும் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதரில் அதன் சுற்று சராசரி 24 மணித்தியாலமும் 11 நிமிடமும் ஆகும். அஃதாவது, தன்பாட்டில் ஓடவிட்டால் உடலின் மணிக்கூடு நாள்தோறும் சிறிது பிந்தும். பார்வையுடையோர் எவரும் இப்பிழையை உணர்வதில்லை. ஏனெனின், காலையில் எழுந்து முற்றத்துக்கு வந்ததும் கண்ணில் விழும் ஒளி அதனை நாள்தோறும் திருத்திவிடுகின்றது. பிந்தும் மணிக்கூட்டின் முள்ளைக் காலைதோறும் வீட்டுக்காரர் சரிப்படுத்தி வைப்பது போன்றதே இச்செயல்.

திருத்துவாரின்றி விடப்பட்ட மணிக்கூடு யாதாகும்? ஒருவருடைய உள்மணிக்கூடு நாள்தோறும் அரை மணித்தியாலம் பிந்துவதாகக் கொள்வோம். இன்று இரவு 10 மணிக்கு அவருக்கு உறக்கம் வருகின்றது. பத்து நாட்களின் பின் அவருடைய உடல் உறக்கத்தை நாடுவது அதிகாலை 3 மணிக்கு. இருபத்து நான்கு நாட்களின் பின் முற்பகல் 10 மணிக்கு. ஊரெல்லாம் தொழில் பார்க்கும் வேளையில் அவருடைய உடலுக்கு அது நள்ளிரவு. நாற்பத்தெட்டு நாட்கள் கழிந்த பின்னரே அவருடைய இரவும் உலகத்தின் இரவும் மீண்டும் ஒன்று கூடுகின்றன. சில நாட்கள் அவ்வாறு கூடியிருந்து, பின்னர் மறுபடியும் விலகிச் செல்கின்றன. இக்குறை மருத்துவத்தில் '24 மணித்தியாலத்துக்கு இணங்காத உறக்க விழிப்புக் கோளாறு' எனப்படும். பார்வையுடையோரில் இஃது அரிது. ஒளியுணர்வு முற்றும் அற்றோருள் பாதிக்கும் மேற்பட்டோர் இதற்கு ஆளாவர் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

இக்கோளாறு மனத்தில் தோன்றுவதன்று என்பதை எடுத்துக்காட்டிய ஆய்வொன்று 1977ஆம் ஆண்டில் வெளிவந்தது. மைல்ஸ் என்பாரும் உடனாய்வாளரும், பார்வையற்ற ஓர் இளைஞரைப் பற்றி அதில் எழுதினர். அவர் ஏனையோரைப் போலத் தொழில் செய்து சமூகத்தில் வாழ்ந்தவர். உளநிலையில் எக்குறையும் இல்லாதவர். எனினும் அவருடைய உறக்கம் சுழற்சியாகக் கெட்டும் சீர்ப்பட்டும் வந்தது. அவருடைய உடல் வெப்பம், விழிப்புணர்வு, செயற்றிறன், குருதியிற் கலக்கும் ஓமோன் என்பவற்றை அளந்தபோது, அவையெல்லாம் 24.9 மணித்தியாலச் சுற்றில் இயங்குவது புலனாயிற்று. நாளொன்றுக்கு 54 நிமிடம் பிந்தும் அம்மணிக்கூடு ஊரின் நேரத்தோடு மீண்டும் சேர்வதற்கு ஏறத்தாழ 27 நாட்கள் செல்லும். உளநலம் உடையவர் என்று ஆய்வாளரே குறித்த ஒருவருக்கு இக்கோளாறு இருந்தது என்பதே இங்கு கருதத்தக்கது.

எனினும், உளநலத்தோடு தொடங்கிய ஒருவர் இக்கோளாற்றோடு நெடுங்காலம் வாழ்ந்தால் அவ்வுளநலம் நிலைக்குமா? உறக்கத்துக்கும் உள்ளத்துக்கும் உள்ள உறவு இருவழிப் பாதையாகும். மனச்சோர்வு உறக்கத்தைக் கெடுக்கும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. உறக்கக்கேடு மனச்சோர்வை வளர்க்கும் என்பதும் இப்பொழுது உறுதிப்பட்டுள்ளது. மனச்சோர்வு இல்லாதிருந்தும் உறக்கமின்மையால் வருந்துவோர், பின்னர் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு, நன்கு உறங்குவோரைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விழிப்புலனிழந்தவரின் நிலையில் இத்துன்பத்தோடு பழியும் சேர்கின்றது. உறக்கம் ஒத்துவரும் வாரங்களில் அவர் உற்சாகமாகப் படிக்கின்றார், தொழில் செய்கின்றார். ஒவ்வாத வாரங்களில் வகுப்பிலே தலை சாய்கின்றது. சொன்னது நினைவில் நிற்பதில்லை. சிறு சொல்லுக்கும் சினம் மூளுகின்றது. "சென்ற மாதம் செய்ய முடிந்தது இந்த மாதம் ஏன் முடியவில்லை? மனமில்லை என்பதுதானே பொருள்!" என்று ஆசிரியரும் முதலாளியும் எண்ணிவிடுகின்றனர். பரீட்சை ஒவ்வாத வாரத்தில் வந்துவிட்டால், ஓராண்டு முயற்சி வீணாகின்றது. காரணம் விளங்காதபோது அவரும் தம்மையே நொந்துகொள்கின்றார். சுற்றத்தார் கூறும் பழியைத் தாமே நம்பத் தொடங்கும் நிலையே எல்லாவற்றிலும் கொடியது.

ஆயின், பார்வையற்றோர் எல்லோருக்கும் இக்கோளாறு வருவதில்லை. இவ்வேறுபாடு ஆய்வாளரை நெடுநாள் மயங்கவைத்தது. 1995ஆம் ஆண்டில் சைஸ்லரும் உடனாய்வாளரும், ஒளியைச் சிறிதும் காணமுடியாத 11 பேரை ஆராய்ந்தனர். பிரகாசமான விளக்கொளியின் முன் அவர்களை இருத்தி, இரவிற் சுரக்கும் மெலற்றோனின் என்னும் ஓமோனின் அளவு குறைகின்றதா என்று பார்த்தனர். பார்வையுடையோரில் ஒளி பட்டதும் இந்த ஓமோன் குறையும். ஆராயப்பட்டோருள் மூவரில் அவ்வாறே குறைந்தது. கண்களை மூடிக் கட்டியபோது குறையவில்லை. அம்மூவருக்கும் உறக்கக் குறை இருக்கவில்லை. ஏனைய எண்மரில் ஓமோன் குறையவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் உறக்கமின்மையால் வருந்தியவர்கள். எதையும் காணாத கண் ஒளியை உணர்ந்தது எங்ஙனம்?

விடை 2002ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. கண்ணின் விழித்திரையில் கோல் வடிவக் கலங்களும் கூம்பு வடிவக் கலங்களும் ஒளியை உணர்வன என்பது பாடசாலை மாணவரும் அறிந்தது. அவற்றைவிட, மெலனொப்சின் என்னும் நிறப்பொருளைக் கொண்ட வேறு சில நரம்புக் கலங்கள் தாமாகவே ஒளியை உணர்ந்து உள்மணிக்கூட்டுக்கு நேரே செய்தி அனுப்புகின்றன என்று பிறவுண் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேர்சனும் உடனாய்வாளரும் காட்டினர். உருவங்களைக் காண்பது இவற்றின் முதன்மைத் தொழிலன்று. விடிந்ததா, இருண்டதா என்று அறிவிப்பதே இவற்றின் பெருந்தொழில். ஆகவே, மனிதக் கண் இரண்டு கடமைகளைச் செய்கின்றது. உலகைக் காட்டுவது ஒன்று. நேரத்தைக் காட்டுவது மற்றொன்று. முதலாவது கடமை ஒழிந்த கண்ணிலும் இரண்டாவது கடமை எஞ்சியிருத்தல் கூடும்.

இதனால் நடைமுறையிற் சில தெளிவுகள் பெறப்படுகின்றன. கண்ணில் வெண்படலம் படர்ந்து பார்வை மங்கியவருக்கு ஒளியுணர்வு எஞ்சியிருக்கும். அவருடைய மணிக்கூடு பெரும்பாலும் திருந்தியே ஓடும். விழித்திரை நோயினால் கோல்களும் கூம்புகளும் அழிந்தவர்களுள்ளும் மெலனொப்சின் கலங்கள் பிழைத்திருத்தல் உண்டு. கண்ணழுத்த நோய் முற்றிப் பார்வை நரம்பே பட்டுப்போனவரிலும், விபத்தாலோ நோயாலோ இரு கண்களும் அகற்றப்பட்டவரிலும் ஒளி மூளையை அடையும் வழி அடைபடுகின்றது. எனவே, "பார்வை முழுதும் போய்விட்டது, இனி வெயில் என்ன, நிழல் என்ன" என்று ஒருவரை அறையினுள் இருத்திவிடுவது தவறு. எஞ்சிய ஒளியுணர்வு உள்ளவர் காலையில் விறாந்தையிலோ முற்றத்திலோ இருப்பது, அவருடைய மணிக்கூட்டுக்கு மருந்தாகலாம். பார்வை தராத கண்ணை அகற்றுவதா, வைத்திருப்பதா என்று முடிவு செய்யும்போதும் இவ்விரண்டாம் கடமையை வைத்தியரோடு கலந்து பேசுதல் நலம்.

ஒளி புகும் வழி முற்றும் அடைபட்டோருக்கு வேறொரு வழி கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. 1958ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தின் தோல் வைத்தியர் ஏரன் லேர்னரும் உடனாய்வாளரும், மாடுகளின் மூளையிலுள்ள பினியல் என்னும் சிறு சுரப்பியிலிருந்து மெலற்றோனினைப் பிரித்தெடுத்தனர். தோலின் நிறத்தை மாற்றும் பொருளைத் தேடியவர்க்குக் கிடைத்தது, உடலுக்கு இரவை அறிவிக்கும் ஓமோன். இதனை வெளியிலிருந்து கொடுத்தால் மணிக்கூடு திருந்துமா என்று ஒரிகனில் றொபேட் சாக் என்பாரும் உடனாய்வாளரும் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். முற்றாகப் பார்வையற்ற எழுவருக்கு, உறங்க விரும்பும் நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் முன்பாக நாள்தோறும் 10 மில்லிகிராம் மெலற்றோனின் கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் எழுவருள் அறுவரின் உள்மணிக்கூடு 24 மணித்தியால ஒழுங்குக்கு வந்தது. பின்னர் அளவைப் படிப்படியாகக் குறைத்து, 0.5 மில்லிகிராமிலும் அவ்வொழுங்கைக் காக்கலாம் என்று கண்டனர். இதே கோளாற்றுக்கென ஆக்கப்பட்ட ரசிமெல்ரியோன் என்னும் மருந்துக்கு 2014ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மெலற்றோனின் இங்கு மயக்கி உறங்கவைக்கும் குளிசையாகத் தரப்படுவதில்லை. முள்ளைச் சரிப்படுத்தும் கையாகவே தரப்படுகின்றது. ஆதலின் அளவைக் காட்டிலும் வேளையே முக்கியம். உள்மணிக்கூட்டின் எந்நிலையில் தொடங்குவது, நாள்தோறும் எவ்வேளையில் உட்கொள்வது என்பவற்றை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். வெறும் உறக்கக் குளிசை ஓரிரவை ஒப்பேற்றலாம். பிந்திச் செல்லும் மணிக்கூட்டை அது திருத்துவதில்லை.

ஒளி நுழையும் வழி கண்ணிலே அடைபட்டவரின் நிலை இதுவாயின், கட்டளை வெளிச்செல்லும் வழி கழுத்திலே அறுபட்டவரின் நிலையும் இதனோடு ஒருங்கு வைத்து நோக்கத்தக்கது. மூளையின் மணிக்கூட்டிலிருந்து பினியல் சுரப்பிக்குச் செல்லும் செய்தி நேர்வழியிற் செல்வதில்லை. அது கழுத்தினூடாக முண்ணாணில் இறங்கி, மார்பின் மேற்பகுதி வரை சென்று, அங்கிருந்து வெளியேறி, கழுத்திலுள்ள நரம்புத் திரட்டொன்றின் வழியாக மீண்டும் தலைக்கு ஏறுகின்றது. கழுத்தெலும்பு முறிந்து முண்ணாண் முற்றும் அறுபட்டவரில் அச்செய்தி போய்ச் சேர்வதில்லை. இரவு வந்தும் மெலற்றோனின் சுரப்பதில்லை. கண் நன்றாயிருக்கின்றது, மணிக்கூடும் நன்றாயிருக்கின்றது, மணியோசை மாத்திரம் வெளியே கேட்பதில்லை. இத்தகையோர்க்கு உறக்கத்தின்போது மூச்சு இடைக்கிடை தடைப்படும் நோயும் மிகுதியாக வருகின்றது. படுக்கைப் புண் உண்டாகாவண்ணம் இரவில் அவர்களைப் புரட்டிக் கிடத்த வேண்டியுமிருக்கின்றது. புரட்டிக் கிடத்தும் தாயோ மனைவியோ அவ்விரவை முழுதாக உறங்குவதில்லை. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற யுத்தத்திலே முண்ணாண் காயமுற்றோர் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இன்றும் வாழ்கின்றனர். அவர்தம் சோர்வையும் சினத்தையும் யுத்த நினைவுகளுக்கே முழுதும் உரியனவாக்கிவிடாமல், அவர்கள் எங்ஙனம் மூச்செறிந்து உறங்குகின்றனர் என்பதையும் கேட்டறிதல் கடமையாகும்.

உடற்குறையோ அறிவுவளர்ச்சிக் குறையோ உடைய ஒருவரிடம் காணப்படும் ஒவ்வோர் அல்லலையும் அக்குறையின் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் வைத்தியரிடையேயும் உண்டு. அறிவுவளர்ச்சி குன்றியோரின் உளநோய்கள் அவ்வாறு மறைக்கப்பட்டுப் போவதை 1982ஆம் ஆண்டில் ஸ்டீவன் றைஸ் என்பாரும் உடனாய்வாளரும் ஆராய்ந்து காட்டினர். பெருமரத்தின் நிழலிலே சிறுசெடி கண்ணுக்குத் தெரியாமற் போவது போன்றது அது. டவுண் நோய்க்குறியோடு பிறந்த குழந்தை பகலில் அடம்பிடித்தால், "அந்தப் பிள்ளைகள் அப்படித்தான்" என்று சொல்லப்படுகின்றது. ஆனால் அக்குழந்தைகளின் மூச்சுவழி ஒடுங்கியிருத்தலால் உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது மிகுதி. நான்கு வயதுக்குள் அவர்களின் உறக்கத்தைப் பரிசோதித்தல் வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2011ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. இரவில் மூச்சுக்குத் தவித்த குழந்தையே பகலில் அடம்பிடிக்கின்றது என்பது தெரிந்தால், தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை கிடைக்கும்.

அங்ஙனமாயின், வீட்டாரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, உறக்கத்தைப் பற்றித் தனியாகக் கேட்டல். "கவலையா?" என்று கேட்பதற்கு முன், "எத்தனை மணிக்கு உறக்கம் வந்தது, எத்தனை மணிக்கு விழித்தீர்கள், எப்பொழுதெல்லாம் கண்ணயர்ந்தீர்கள்?" என்று கேட்டல் வேண்டும். இரண்டாவது, அவ்விடைகளை நாள்தோறும் குறித்துவைத்தல். உள்மணிக்கூட்டின் விலகல் மெல்ல நிகழ்வதாகையால், ஓரிரு நாட் குறிப்புப் போதாது. குறைந்தது இரண்டு வாரமும், இயன்றால் ஆறு எட்டு வாரங்களும் குறித்தல் நன்று. விழிப்புலனிழந்தவர் பிரெயில் எழுத்திலோ கைத்தொலைபேசியிற் குரலாகவோ தாமே அக்குறிப்பை வைத்துக்கொள்ளலாம். உறக்கம் வரும் நேரம் நாளுக்கு நாள் ஒழுங்காகப் பிந்திச் சென்று, ஒரு சுற்று முடிந்து மீளுமாயின், அக்குறிப்பே வைத்தியருக்கு மிகச் சிறந்த சான்றாகும். மூன்றாவது, உண்ணும் வேளை, உழைக்கும் வேளை, படுக்கும் வேளை என்பவற்றை ஒழுங்குபடுத்தல். ஒழுங்கு மாத்திரம் இக்கோளாற்றைத் தீர்க்காதெனினும், சிகிச்சைக்குத் துணை நிற்கும்.

இதனால் மனத்துயர் என்பதே பொய் என்று கொள்ளலாகாது. பார்வையை நடுவயதில் இழந்தவரின் துயரம் மெய்யானது. அதற்கு ஆறுதலும், வேண்டுமிடத்து உளவைத்தியமும் கிடைத்தல் வேண்டும். கவலையின் காரணமாகவே உறக்கம் கெட்டோருக்கு, உறக்கத்தைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் உளச்சிகிச்சை நற்பயன் தருகின்றது. கூறவேண்டுவது யாதெனின், உடலின் மணிக்கூடு காரணமா, உள்ளத்தின் துயர் காரணமா, இரண்டும் சேர்ந்தனவா என்பதை ஆராய்ந்த பின்னரே ஒருவருக்குப் பெயர் சூட்டல் வேண்டும் என்பதே.

1912ஆம் ஆண்டில் மேரி சப்மன் என்னும் அம்மையார் செவிப்புலனற்றோர்க்கும் விழிப்புலனற்றோர்க்கும் பாடசாலை தொடங்கிய காலந்தொட்டு, இலங்கையில் விழிப்புலனிழந்த பிள்ளைகள் எழுத்தும் தொழிலும் கற்று வருகின்றனர். கைதடியில் அமைந்த நவீல்ட் பாடசாலை தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பை அளித்தது. விரல் நுனியால் வாசிக்கலாம் என்று அறிந்த பின்னர், "கண்ணில்லாத பிள்ளைக்குக் கல்வி எதற்கு?" என்னும் வினா ஒழிந்தது. அவ்வாறே, உடலினுள் ஒரு மணிக்கூடு உண்டென்றும் அதனைத் திருத்தும் வழி உண்டென்றும் அறிந்த பின்னர், "கண்ணில்லாதவருக்கு இரவேது, பகலேது?" என்னும் வினாவும் ஒழிதல் வேண்டும். அவருக்கும் ஓர் இரவு உண்டு. அது சில காலம் ஊராரின் இரவோடு ஒத்துவருவதில்லை, அவ்வளவே. வகுப்பிலே உறங்கும் விழிப்புலனிழந்த மாணவனைக் கண்டால், அவனை அதட்டி எழுப்புவதற்கு முன் அவனுடைய இரவு எப்பொழுது என்று ஆசிரியர் ஒருமுறை விசாரித்தல் வேண்டும். அவ்விசாரணையே பல ஆண்டுத் துன்பத்துக்கு முடிவாக அமையக் கூடும்.